கட்சிக்காரர் தீர்ப்புச் சொல்லலாமா?

மேற்குத் தாம்பரத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். சண்முகம் சாலைக்குப் பின்னால் ஒரு தையல்கடையின் மாடி. ரயில்வே ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பெருங்களத்தூர், சேலையூர், பம்மல் பக்கமிருந்து வருகிற தோழர்கள். ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ பேசுவார். மற்றவர்கள் மடக்கிக் கேள்வி கேட்பார்கள். போன கூட்டத்தில் நான் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றிப் பேசினேன். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டே பேசினேன்.

பேசி முடித்ததும் சட்டம் படிக்கிற ஒரு பெண் தன் பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டினார்.

"இது நீங்க எழுதுனதுதானே தோழர்?"

நான் எழுதியதுதான். 2023 பிப்ரவரியில், எல். விக்டோரியா கௌரி சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது எங்கள் பகுதியில் நாங்கள் போட்ட கண்டன அறிக்கை. அவர் பாரதிய ஜனதா கட்சியின் மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். 'கட்சிக்காரர் தீர்ப்புச் சொல்லலாமா?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தவனும் நான்தான்.

"கிருஷ்ணய்யர் மந்திரியாவே இருந்தவரு. அவரு தீர்ப்புச் சொன்னா கைதட்டணும், இவங்க சொன்னா கூடாதா? இது எந்த ஊரு நியாயம் தோழர்?"

சிரித்துச் சமாளித்தேன். கூட்டமும் சிரித்தது. வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் நான் பதில் சொல்லவில்லை என்பது உறைத்தது. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1

முதலில் அந்த மனிதரின் கதை. கிருஷ்ணய்யர் பாலக்காட்டுத் தமிழ்ப் பார்ப்பனர். தலச்சேரியில் வக்கீல் தொழில் செய்தவர். கம்யூனிஸ்டுகளுக்கும் விவசாயிகளுக்கும் வழக்காடியதற்காக 1948ல் அவரையே பிடித்துச் சிறையில் வைத்தார்கள். மலபார் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே 1952 தேர்தலில் கூத்துப்பறம்பிலிருந்து ஜெயித்து, நம்முடைய சென்னைச் சட்டமன்றத்தில்தான் முதலில் உட்கார்ந்தார். கட்சி உறுப்பினராக அல்ல, கம்யூனிஸ்டு ஆதரவு பெற்ற சுயேச்சையாக. 1957ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவை அமைந்தபோது சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், பாசனம் என்று பல துறைகளுக்கு அமைச்சரானார். 1959ல் மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்தது. 1965 தேர்தலில் தோற்றார். திரும்பவும் கறுப்புக் கோட்டு. 1968ல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. 1973ல் உச்சநீதிமன்றம்.

உச்சநீதிமன்றத்துக்கு அவர் பெயர் அடிபட்டபோது பம்பாய் வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். சோலி சொராப்ஜி அதில் ஒருவர். காரணம் என் துண்டறிக்கையில் இருந்த காரணமேதான்: அரசியல்வாதி எப்படி நடுநிலையாக இருப்பார்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு இருபத்தோரு வயதிருக்கும். ஒரு சாலை மறியலில் எங்கள் எட்டுப் பேரைப் பிடித்தார்கள். காவல் நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். நீதித்துறை நடுவர் முன்னால் கொண்டுபோகும்போது இரண்டு இரண்டு பேராகக் கைவிலங்கு பூட்டினார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எங்களைத் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பார்த்தவர்களில் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியையும் ஒருவர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விலங்கு மணிக்கட்டில் உறுத்தியது மறந்துவிட்டது. அந்த முகம் திரும்பியது மறக்கவில்லை.

நீதிமன்றத்தில் எங்களுக்காக வந்த ஓர் இளம் வக்கீல் எழுந்து, காரணம் எழுதாமல் விலங்கு போடக்கூடாது என்று 1980லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது, பிரேம் சங்கர் சுக்லா வழக்கு, என்றார். நடுவர் தலைநிமிர்ந்து பார்த்தார். விலங்கு அவிழ்ந்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் யார் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் சிறைக்குள் கைதியாக இருக்கிறார். பிறகு சிறைத்துறைக்கே அமைச்சராகிறார். பிறகு நீதிபதியாகி, கைவிலங்கைப் பற்றியும், தனிமைச் சிறையைப் பற்றியும், கைதி ஒருவர் சிறைக்குள்ளிருந்து எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்பதைப் பற்றியும் தீர்ப்பு எழுதுகிறார். சிறை எப்படியிருக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. எந்த வாழ்க்கையை வைத்து 'இவர் தகுதியற்றவர்' என்றார்களோ, அந்த வாழ்க்கைதான் அவருக்கு அந்த அறிவைக் கொடுத்தது.

எங்கள் வீட்டிலும் அவர் கை உண்டு. அப்பா ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தவர். பதவி உயர்விலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு உண்டு என்கிற ரயில்வே வாரியத்தின் சுற்றறிக்கைகளை எதிர்த்து வழக்கு வந்தது. 1980 நவம்பரில், ஓய்வுபெறும் தறுவாயில், கிருஷ்ணய்யர் அமர்வு அந்தச் சுற்றறிக்கைகள் செல்லும் என்றது. ரயில்வேயில் நம்மாட்கள் அதைச் 'சோஷித் கேஸ்' என்பார்கள். அப்பாவுக்கு அதை எழுதியவர் பெயர் தெரியாது. ஆனால் ரோஸ்டரில் பேர் வந்து பதவி உயர்வு கிடைத்த அன்றைக்கு ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். நான் எம்.ஏ. தமிழ் படித்தது அந்தச் சம்பளத்தில்.

தாம்பரம், பல்லாவரம் பக்கத்துச் சேரித் தெருக்களில் சாக்கடைக்காக மனு எழுதுகிறவர்கள் 'ரத்லாம் நகராட்சி' வழக்கைக் குறிப்பிடுவது வழக்கம். கையில் காசில்லை என்று சொல்லி நகராட்சி கழிவுநீர்க் கால்வாய் கட்டாமல் தப்பிக்க முடியாது என்ற தீர்ப்பு. அதுவும் 1980. அதுவும் அவர்தான்.

2

சரி. கட்சியே இல்லாத நீதிபதிகள் நமக்கு என்ன செய்தார்கள்?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் 1970ல் மிராசுதாரர்களுக்குத் தண்டனை கொடுத்தது. பிறகு சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. சொந்தமாகக் கார் வைத்திருக்கிற, வசதியான மிராசுதாரர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் இருந்த நியாயம். இந்த வாக்கியத்துக்குப் பின்னால் எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. ஆனால் பணக்காரன் எப்படி நடந்துகொள்வான், கூலிக்காரன் சாட்சி எவ்வளவு எடைபெறும் என்கிற ஒரு முழு உலகப் பார்வை இருக்கிறது. அந்தப் பார்வைக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை. அது பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறது.

சந்தையில் சில வியாபாரிகள் தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைப்பார்கள். பார்க்கிறவன் கண்ணுக்கு முள் நேராகத்தான் நிற்கும். நம்முடைய நாட்டில் சாதி அந்தப் புளி. கட்சி வெளியே தெரிகிறது. சாதி தட்டுக்கு அடியில் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் நீதிபதி நியமனம் பற்றி விவாதம் நடந்தது. தலைமை நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் நியமிக்கக்கூடாது என்று சிலர் கேட்டார்கள். அவர் மறுத்தார். தலைமை நீதிபதியும் மனிதர்தான், சாதாரண மக்களுக்கு உள்ள குறைகளும் உணர்ச்சிகளும் முன்முடிவுகளும் அவருக்கும் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். அதே மூச்சில், நியமனத்தை முழுக்க ஆட்சியாளர் கையில் விடவும் அவர் ஒப்பவில்லை. நீதிபதியைத் தெய்வமாக்கக் கூடாது, மந்திரியின் ஆளாகவும் ஆக்கக் கூடாது. அரசியல் சட்டமும் உயர்நீதிமன்ற நீதிபதியாகப் பத்து வருட வழக்கறிஞர் அனுபவத்தைக் கேட்கிறதே தவிர, அரசியல் செய்தவன் வரக்கூடாது என்று சொல்லவில்லை.

சென்னை உயர்நீதிமன்றம் 1862ல் தொடங்கியது. முதல் தலித் நீதிபதி ஏ. வரதராசன் உள்ளே வந்தது 1973ல். நூற்றுப் பதினோரு வருடம். அவரே 1980ல் உச்சநீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியும் ஆனார். கதவு தானாகத் திறக்கவில்லை. தேர்தலில் ஓட்டுக் கேட்டாக வேண்டிய ஓர் அரசாங்கம் இங்கே இருந்த காலத்தில்தான் திறந்தது. 'அரசியல் கலப்பற்ற நீதித்துறை' என்று சொல்லும்போது, அரசியல் கலக்காத அந்த நூற்றுப் பதினோரு வருடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

3

இதுவரை எழுதியதை வாசித்தால் நான் என் கட்சியை நன்றாக ஜோடித்துவிட்டேன் என்று தோன்றும். இனி எனக்கே எதிரான சாட்சியைச் சொல்கிறேன்.

நான்கைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் ஒரு தகராறு. நாங்கள் பறையர்கள் அதிகம். கடைசிச் சந்தில் துப்புரவு வேலைக்குப் போகிற அருந்ததியர் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. அவர்களில் ஒரு வீட்டில் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. சமுதாயக் கூடத்தைக் கேட்டிருந்தார்கள். அதே நாளில் எங்கள் ஆட்களில் ஒருவர் வீட்டு நிச்சயதார்த்தம். பேச்சு தடித்தது. "இவரு எந்தக் கட்சியிலயும் இல்ல, படிச்சவரு, பொதுவான ஆளு, இவரு சொல்றதைக் கேப்போம்" என்று இரண்டு தரப்பும் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனேன். இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டேன். நிச்சயத்துக்கு வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மாற்ற முடியாது. மஞ்சள் நீராட்டு உள்ளூர் விசேஷம், அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம், கூட வாடகையில் பாதியை நிச்சயதார்த்த வீட்டார் கொடுக்கட்டும் என்றேன். நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் கலைந்துபோனார்கள்.

அந்தப் பெண்ணின் பாட்டி மட்டும் நின்றார்.

"நோட்டுல எங்க பேருதானே தம்பி முதல்ல இருந்துச்சு?"

கூடத்துக்கு ஒரு பதிவு நோட்டு உண்டு. அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவு போய்ப் பார்த்தேன். மூன்று வாரம் முன்னதாகவே அவர்கள் பெயர் எழுதப்பட்டிருந்தது. மறுநாள் காலையில் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீ ரெண்டு பக்கமும் கேட்ட தம்பி. ஆனா வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் வந்த" என்றார்.

எனக்குக் கட்சி இல்லை. அதனால்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் என் தராசிலும் புளி இருந்தது. இருபது வருடமாகச் சாதி ஒழிப்புப் பேசுகிறவன் தட்டுக்கு அடியில், எங்களுக்குக் கீழே என்று நாங்கள் வைத்திருக்கிறவர்களுக்கு எதிராக. நிச்சயதார்த்த வீட்டாரிடம் போய்ப் பேசித் தேதியை மாற்ற வைத்தேன். எங்கள் தெருவில் சிலர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கீழ்வெண்மணித் தீர்ப்பைப் பற்றி எழுதும்போது எனக்கு வந்த கோபம், அந்த நோட்டைப் பார்த்தபோது வெட்கமாக மாறியது. அளவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், மறுக்கவில்லை. செய்கிற விதம் ஒன்றுதான்.

4

அப்படியானால் யாரும் தீர்ப்பே சொல்ல முடியாதா? முடியும். அதற்குச் சில கட்டாயங்கள் வேண்டும்.

ஒன்று, நீதிபதி காரணத்தை எழுத வேண்டும். நான் எழுதவில்லை, வாயால் சொன்னேன். எழுதியிருந்தால் நோட்டைப் பார்க்காதது அங்கேயே மாட்டியிருக்கும். கார் வைத்திருக்கிறவன் நடந்து வருவானா என்கிற நியாயம் எழுதப்பட்டதால்தான் ஐம்பது வருடமாக நாம் அதைத் தூக்கிக் காட்டுகிறோம். புளி கண்ணுக்குத் தெரிகிற இடம் காரணம் எழுதுகிற இடம்தான்.

இரண்டு, தன்னை அங்கே உட்காரவைத்தவர்களுக்கு எதிராகச் சொல்ல முடிய வேண்டும். 1975 ஜூனில் அலகாபாத் தீர்ப்புக்குத் தடை கேட்டு இந்திரா காந்தி உச்சநீதிமன்றம் வந்தபோது, விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் கோகலே தொலைபேசியில் அழைத்து நேரில் சந்திக்கக் கேட்டார் என்றும், மனுவைப் பதிவாளரிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன் என்றும் அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ஜூன் 24 அன்று அவர் கொடுத்தது நிபந்தனைத் தடை: பிரதமராக நீடிக்கலாம், சபையில் ஓட்டுப் போட முடியாது. மறுநாள் நெருக்கடிநிலை. முழுத் தடை மறுத்தது துணிச்சல் என்பார் உண்டு, பதவியில் நீடிக்க விட்டது தவறு என்பாரும் உண்டு. ஆனால் அமைச்சரின் ஆளாக அவர் நடக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் பகருல் இஸ்லாம். காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், 1972ல் குவகாத்தி உயர்நீதிமன்ற நீதிபதி, 1980ல் உச்சநீதிமன்றம். 1982 டிசம்பரில் பீகார் காங்கிரஸ் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவுக்குச் சாதகமான தீர்ப்பில் பெரும்பான்மைப் பக்கம் நின்றார். அடுத்த மாதமே ராஜினாமா செய்துவிட்டுக் காங்கிரஸ் வேட்பாளராகக் கிளம்பினார். தேர்தல் தள்ளிப்போனதும் மாநிலங்களவை இடம் கிடைத்தது. இங்கே குற்றம் அவருக்குக் கட்சி இருந்தது அல்ல. கணக்கு தீராமல் இருந்தது. கிருஷ்ணய்யரும் 1987ல் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றார். ஓய்வுபெற்று ஏழு வருடம் கழித்து, தோற்பதற்கென்றே.

மூன்றாவதுதான் முக்கியம். எதிரே நிற்கிறவன் தனக்குச் சமமான மனிதன் என்று நீதிபதி நம்ப வேண்டும். நில உடைமைக்கு எதிராக, முதலாளிக்கு எதிராக ஒருவருக்குக் கருத்து இருக்கலாம். அவர் முன்னால் ஒரு நிலச்சுவான்தார் வந்து நின்று தன் பத்திரத்தைக் காட்டி வாதிட முடியும். ஆனால் ஒரு சாதியில் பிறந்ததாலேயே, ஒரு மதத்தில் இருப்பதாலேயே நீ மட்டம், நீ ஆபத்து என்று நினைப்பவர் முன்னால் எந்தப் பத்திரத்தைக் காட்டி வாதிடுவது? கொள்கைச் சார்பு வேறு, பிறப்பின் மீதான வெறுப்பு வேறு.

நீதிமன்றத் தமிழில் வழக்காட வருகிறவனுக்குக் 'கட்சிக்காரர்' என்றுதான் பெயர். வக்கீல் "என் கட்சிக்காரர்" என்பார். எதிரே நிற்கிற அந்தக் கட்சிக்காரருக்குத் தன் கட்சியைச் சொல்ல இடமிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மேடையில் உட்கார்ந்திருப்பவர் முன்பு எந்தக் கட்சிக்காரர் என்பது அதற்குப் பிறகு.

5

ஆகவே தோழி, உங்கள் கேள்விக்கு என் பதில். என் துண்டறிக்கையின் தலைப்பு தவறு. எதிர்ப்பு தவறல்ல. அன்றைக்குச் சென்னை வழக்கறிஞர்கள் முன்வைத்தது சிறுபான்மையினரைப் பற்றிய அவருடைய பழைய பேச்சையும் எழுத்தையும். நான் அதைத் தலைப்பாக்கியிருக்க வேண்டும். மூடிய அறைக்குள் நடக்கிற கொலீஜியம் தேர்வைத் தலைப்பாக்கியிருக்க வேண்டும். 'கட்சிக்காரர்' என்ற எளிதான கல்லை எடுத்தேன். அந்தக் கல் நாளைக்கு நம் பிள்ளைகள் மேல்தான் விழும். வழக்கறிஞராகும் தலித் இளைஞர்களில் இயக்கத்தின் வாசனை படாதவர் எத்தனை பேர்? 2023 பிப்ரவரி 7 அன்று அந்த நியமனத்துக்கு எதிரான மனு தள்ளுபடியானபோது அமர்வில் இருந்த பி.ஆர். கவாய், தனக்கும் அரசியல் பின்னணி உண்டு என்று சொன்னார். அவர் குடியரசுக் கட்சித் தலைவர் ஆர்.எஸ். கவாயின் மகன். 2025ல் நாட்டின் இரண்டாவது தலித் தலைமை நீதிபதியானார். அந்த வருடம் அக்டோபரில் நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு வழக்கறிஞர் அவர்மீது செருப்பெறிய முயன்றார். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்த பிறகும் அவர் யாருடைய மகன் என்பதைச் சிலர் மறக்கவில்லை.

கவாயையும் நாம் கேள்வி கேட்போம். 2024 ஆகஸ்டில் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. நம் அருந்ததியர் ஒதுக்கீட்டுச் சட்டமும் அதில் நிலைத்தது. அந்த நோட்டைப் பார்த்தவன் என்ற முறையில் அதை நான் மனதார வரவேற்கிறேன். அதே தீர்ப்பில் பட்டியல் சாதியினரிலும் 'கிரீமிலேயர்' காண வேண்டும் என்று கவாய் எழுதினார். அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் 1975ல் தாமஸ் வழக்கில் கிருஷ்ணய்யர் எழுதியதில் போய் நிற்கிறது. ஒதுக்கீடு சமத்துவத்தின் பகுதியே என்று நமக்குக் கொடுத்த அதே தீர்ப்பில், பலனை மேலே உள்ளவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஒரு கலாசியின் மகன் எம்.ஏ. படித்ததும் ஆடையாகிவிடுவானா? முகம் திருப்பிக்கொண்ட ஆசிரியைக்கு நான் ஆடையாகத் தெரியவில்லையே!

எனவே யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. 2002 குஜராத் படுகொலையை விசாரித்த மக்கள் தீர்ப்பாயத்துக்குத் தலைமை தாங்கிய கிருஷ்ணய்யர்தான் 2013ல் மோடியைப் பாராட்டினார். மனிதர்கள் அப்படித்தான். விக்டோரியா கௌரியையும் இனி அவர் எழுதுகிற தீர்ப்புகளை வரிவரியாகப் படித்துத்தான் மதிப்பிட வேண்டும். உங்களைப் போன்றவர்கள் சட்டம் படிப்பது அதற்காகத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தத் துண்டறிக்கையை எடுத்து வாருங்கள். தலைப்பை அடித்துவிட்டு எல்லோரும் சேர்ந்து வேறு எழுதுவோம். நான் கூடத்தின் பதிவு நோட்டைக் கொண்டு வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.